விழுக்காடு மட்டும் போதுமா? மன்னார் வளைகுடாப் பவளப்பாறைக் கண்காணிப்பை முன்வைத்து

முன்னுரை

ஒரு பவளப்பாறை நலமாக இருக்கிறதா என்று கேட்டால், அறிக்கைகள் பெரும்பாலும் ஓர் எண்ணையே விடையாகத் தருகின்றன: கடலடியில் உயிருள்ள பவளம் எத்தனை விழுக்காடு. அந்த எண் தேவைதான். ஆனால் எந்தப் பேரினங்கள் எஞ்சியுள்ளன, இளம் பவளங்கள் வந்து ஒட்டுகின்றனவா என்ற இரண்டையும் அதிலிருந்து அறிய முடியாது. இவ்விரண்டையும் ஒரே இடத்தில் ஆண்டுதோறும் பதிவுசெய்தால்தான் பாறையின் நலத்தை அளந்தவர்களாவோம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

களமும் அதன் பதிவுகளும்

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சூழ்ந்து மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகள் அமைந்துள்ளன. இப்பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எட்கர் தர்ஸ்டன் இராமேசுவரக் கடலின் உயிரினங்களைப் பதிவுசெய்தார். பின்னர் சி. எஸ். கோபிநாத பிள்ளை இந்தியக் கல்பவளங்களின் வகைப்பாட்டை விரிவாக எழுதினார். என்னென்ன இனங்கள் இருந்தன என்பதை இப்பதிவுகளிலிருந்து அறியலாம். எவ்வளவு இருந்தன என்பதை அறிய முடியாது. இடைப்பட்ட காலத்தில் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளக்கல் பல்லாண்டுகள் வெட்டப்பட்டது. அந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டு நீருக்குள் மூழ்கிவிட்டன. பழைய அளவு இல்லாததால் இழப்பின் முழுக் கணக்கை இன்று யாராலும் போட முடியாது. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் தீவுவாரியாக மேற்கொண்ட அளவைகளே இன்றைய ஒப்பீடுகளுக்கு அடிப்படை.

அளவைமுறையின் எல்லை

பரவலாகக் கையாளப்படும் முறை எளிமையானது. முக்குளிப்பவர் கடலடியில் அளவுநாடாவை விரித்து, அதன் கீழ் வரும் பவளம், பாசி, மணல், இறந்த கல் ஆகியவற்றின் நீளத்தைக் குறிக்கிறார். 20 மீட்டர் நாடாவின் கீழ் 8 மீட்டர் உயிர்ப் பவளம் இருந்தால் 40 விழுக்காடு. அந்த 8 மீட்டரும் கிளைவிட்டு வேகமாக வளரும் அக்ரோபோராவாக இருக்கலாம். உருண்டு திரண்டு மெதுவாக வளரும் போரைட்டிசாகவும் இருக்கலாம். எண் மாறாது; மீன்குஞ்சு ஒளிந்து வாழும் இடம் மாறிவிடும். சந்தனத்துக்குப் பெயர்பெற்ற ஜவ்வாது மலையில் சந்தன மரங்கள் வெட்டிக் கடத்தப்பட்ட பிறகும், தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு மலை பச்சையாகவே தெரியும். பரப்பை மட்டும் அளக்கும் கண்ணுக்குக் கடலடியும் அப்படித்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் நாடா வேறு இடத்தில் விழுந்தால், கிடைக்கும் வேறுபாட்டில் எவ்வளவு பாறையின் மாற்றம், எவ்வளவு இடத்தின் மாற்றம் என்று பிரிக்க இயலாது.

2016 தரும் சான்று

கோடையில் கடல்நீர் வழக்கத்தை மீறிச் சூடாகும்போது, பவள உயிரி தன் திசுவில் வாழும் நுண்பாசிகளை வெளியேற்றி வெளிறுகிறது. சூடு தணியாவிட்டால் இறக்கிறது. 2016 வெளிறலில் மன்னார் வளைகுடாவின் உயிர்ப் பவளப் பரப்பு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடு அளவுக்குச் சரிந்தது. இறப்பு எல்லாப் பேரினங்களிலும் ஒன்றாக இல்லை. அக்ரோபோரா, மான்டிபோரா, போசில்லோபோரா ஆகியவை மிகுதியாக மடிந்தன; போரைட்டிஸ் பெரிதும் தாங்கிநின்றது. இழந்த விழுக்காடு நாளை திரும்பிவிட்டாலும், திரும்பியது பழைய பாறைதானா என்பதைப் பேரினவாரிப் பதிவே சொல்லும்.

மறுப்பும் விடையும்

விழுக்காடு மலிவானது, உலகெங்கும் ஒப்பிடத்தக்கது என்பர். அது உண்மை, அதைக் கைவிட வேண்டியதில்லை. ஆழமற்ற, அடிக்கடி கலங்கும் இக்கடலில் செயற்கைக்கோள் படம் ஓரளவுக்கே உதவும் என்பதால், மனிதர் இறங்கித்தான் ஆகவேண்டும். அப்படி இறங்குபவர் பேரினத்தையும், சில சென்டிமீட்டருக்கு உட்பட்ட இளம் பவளங்களின் எண்ணிக்கையையும் சேர்த்துக் குறிப்பதால் கூடும் உழைப்பு, அது தரும் அறிவுக்கு முன் சிறிது. முளையடித்து நிலைப்படுத்திய இடங்கள் குறைவாக இருந்தாலும், ஆண்டுதோறும் மாறும் பல இடங்களைவிட அவை போக்கைத் தெளிவாகக் காட்டும்.

வெளிறல் வாரக்கணக்கில் பரவுகிறது. ஆய்வுக்குழுவோ ஆண்டுக்குச் சிலமுறையே வருகிறது. பாம்பன் பகுதியில் பாசி எடுக்கும் பெண்களும் சங்கு குளிப்பவர்களும் இக்கடலை நெருங்கி அறிந்தவர்கள். குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் ‘கோரல் வாட்ச்’ நிற அட்டை, பவளத்தின் வெளிறலை ஆறு படிகளில் யாரும் பதிவுசெய்ய உதவுகிறது. பூங்கா விதிகள் கடல்புரத்து மக்களைப் பெரும்பாலும் மீறுவோராகவே காண்கின்றன. அவர்களைக் கூலியுடன் கூடிய பதிவாளர்களாக ஏற்பது நீதியும் அறிவியல் தேவையுமாகும்.

முடிவுரை

2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவிய வெளிறல் அறிவிக்கப்பட்டது. இரு வெளிறல்களுக்கு நடுவே பாறை மீளக் கிடைக்கும் காலம் சுருங்குகிறது. எனவே நிலையான அளவையிடங்கள், பேரினவாரிப் பதிவு, இளம் பவளக் கணக்கு, கரையோர மக்களின் கோடைப் பதிவு ஆகிய நான்கும் ஒரே பதிவேட்டில் சேர வேண்டும். அந்தப் பதிவேடு மாவட்ட நிர்வாகத்துக்கும் மீனவ ஊர்களுக்கும் தமிழில் திறந்திருக்க வேண்டும். எங்கே மீளாக்கம் செய்வது, எங்கே வலையையும் நங்கூரத்தையும் விலக்குவது என்ற முடிவுகளை அப்போதுதான் சான்றின் மேல் நின்று எடுக்க முடியும்.