கட்டம் போடாத கைகள்: பீமாயணம் வரைந்தவர்களின் கதை

சித்திரக்கதைப் புத்தகத்துக்குள் நம்ம சனம் எங்கே இருக்குது? இந்தக் கேள்விக்குப் பல வருசம் பதிலே கிடையாது. சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனில் தார் சுற்றிக்கொண்டே வளர்ந்த பிள்ளைகளுக்கு வாசிப்பு என்று ஒன்று இருந்தது என்றால் அது காமிக்ஸ்தான். சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியது. அதில் இரும்புக்கை மாயாவி மின்சாரம் பாய்ந்தவுடன் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோவான். அட்டை கிழிகிற வரைக்கும் கைமாற்றிக் கைமாற்றிப் படித்த தலைமுறை அது. மாயாவி மறைவதைப் பார்த்து வாயைப் பிளந்தோம். அந்தப் புத்தகங்களில் எங்கள் தெருவே மறைந்துகிடந்ததைப் பற்றி ஆருக்கும் ஒரு யோசனையும் வரவில்லை.

'நம் நாட்டுக் கதை' என்று சொல்லிக்கொண்டு வந்ததும் பெரிதாக வேறு அல்ல. 1967இல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதை வரிசையில் தேவர்களும் ராஜாக்களும் ரிஷிகளும் புத்தகம் புத்தகமாக வந்தார்கள். அந்த வரிசையில் பாபாசாகேப் அம்பேத்கருக்கு இடம் கிடைத்தது 1979இல். சட்டம் எழுதிய ஒரு பெரிய மனிதர், படித்து முன்னேறிய ஓர் ஏழைப் பிள்ளை என்ற அளவில் சாதி இந்துக் குடும்பங்கள் அவரைத் தங்கள் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கலாம். சாதியை நொறுக்கக் கிளம்பிய அம்பேத்கரை அப்படிச் சுலபமாக வாங்கிக் கொடுத்துவிட முடியாது.

அந்த அம்பேத்கர் சித்திரக்கதைக்குள் வந்தது 2011இல். புத்தகத்தின் பெயர் 'பீமாயணம்'. வரைந்தவர்கள் துர்காபாய் வ்யாம், சுபாஷ் வ்யாம் என்கிற கணவன் மனைவி. இருவரும் மத்தியப் பிரதேசத்துப் பர்தான் கோண்டு ஆதிவாசிகள். துர்காபாய் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர். இவர்கள் இந்த வேலைக்கு வந்துசேர்ந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேணும். நம்மைப் பற்றிய கதையை யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்கிற நம்ம பழைய சண்டை அதற்குள் இருக்கிறது.

அதற்கு முன்னால் ஜப்பானை ஓர் எட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். ஒதுக்கப்பட்டவனை நாயகனாக வைத்து ஆயிரக்கணக்கான பக்கம் படக்கதை வரைந்த வேலை அங்கேதான் முன்னால் நடந்தது. படக்கதையை அவர்கள் 'மாங்கா' என்கிறார்கள். ஜப்பானிலும் போர்வீரர், விவசாயி, கைத்தொழிலாளி, வியாபாரி என்று நான்கு படி உண்டு. அந்தப் படிக்கெல்லாம் கீழே, தோல் வேலையும் பிணம் சார்ந்த வேலையும் செய்தவர்களை 'எத்தா' என்றும், மற்றும் சிலரை 'ஹினின்' என்றும் தள்ளிவைத்தார்கள். ஹினின் என்றால் 'மனிதர் அல்லாதவர்' என்று அர்த்தம். 1871இல் அரசாங்கம் இந்த ஒதுக்கலைச் சட்டப்படி நீக்கியது. சட்டத்தோடு இழிவு போய்விடவில்லை என்பதால் 1922இல் அந்த மக்கள் 'சுய்ஹெய்ஷா' என்ற தங்கள் இயக்கத்தைக் கட்டினார்கள்.

ஷிராத்தோ சன்பெய் 1932இல் தோக்கியோவில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் பாட்டாளி வர்க்கக் கலை இயக்கத்து ஓவியர். தெருவில் படத்தைக் காட்டிக் கதை சொல்லுகிற 'கமிஷிபாய்' என்ற கலைக்குப் படம் வரைந்துதான் ஷிராத்தோவின் பொழப்பு ஆரம்பித்தது. பிறகு வாடகைக் கடைகளுக்கான மலிவுப் புத்தகங்களை வரைந்தார். 1964இல் தொடங்கிய 'காரோ' என்ற பத்திரிகையில் அவருடைய 'கமுயி' கதை வந்தது. 1971 வரைக்கும் ஓடியது. கமுயி ஒரு ஹினின் வீட்டுப் பையன். அடிமை விவசாயியையும் ஹினினையும் ஒருத்தர்மேல் ஒருத்தரை ஏவிவிட்டு மேலே இருக்கிறவன் எப்படிக் குளிர்காய்கிறான் என்று அந்தக் கதை விலாவாரியாகக் காட்டுகிறது. அந்தக் காலத்துப் போராட்ட மாணவர்கள் அதைத் தேடிப் படித்தார்கள். ஷிராத்தோ 2021இல் இறந்தார். வெளியே இருந்து ஒருவர் ஒதுக்கப்பட்டவரைப் பற்றி நேர்மையாக வரைய முடியும் என்பதற்கு அவர் சாட்சி. ஆனாலும் அது கற்பனைக் கதை. பீமாயணம் அம்பேத்கர் தன் கையால் எழுதிய வாக்குமூலத்தின்மேல் நிற்கிறது.

இனி மத்தியப் பிரதேசத்துக்கு வருவோம். பர்தான்கள் கோண்டுகளின் பாட்டுக்காரர்கள். 'பானா' என்ற நரம்பு வாத்தியத்தை வாசித்து, படா தேவ் என்கிற பெரிய தெய்வத்தை அழைப்பார்கள். கோண்டுக் குடிகளின் வம்சக் கதையைப் பாடுவார்கள். கொங்கு நாட்டில் உடுக்கையடித்து அண்ணன்மார் கதை பாடுகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். தங்கள் வம்சத்தைப் பாடவைத்துக் கேட்டுத் தானியமும் துணியும் கொடுத்த கோண்டுகள், பாடியவர்களை ஒரு படி கீழேதான் வைத்தார்கள். பறை இல்லாமல் சாவு நகராத நம்ம ஊரில் பறை அடிப்பவரை எங்கே நிற்க வைத்தார்கள் என்று நமக்குத் தெரியும். ஆதரித்தவர்கள் கைச்சுருங்கியபோது பாட்டும் சுருங்கிப்போனது. பல பர்தான்கள் கூலி வேலைக்குப் போனார்கள்.

பட்டன்கட் கிராமத்து ஜங்கட் சிங் ஷ்யாம் அப்படிப்பட்ட ஓர் இளைஞர். போபாலில் 1982இல் திறக்கப்பட்ட பாரத் பவனுக்காக, ஓவியர் ஜெ. சுவாமிநாதன் அனுப்பிய ஆட்கள் ஊர் ஊராகப் போனபோது, ஜங்கட் வீட்டுச் சுவரில் வரைந்திருந்த படம் அவர்கள் கண்ணில் பட்டது. அவரைப் போபாலுக்கு அழைத்துவந்தார்கள். பாட்டில் இருந்த தெய்வங்களை அவர் தாளுக்குக் கொண்டுவந்தார். 1989இல் பாரிசில் நடந்த பெரிய கண்காட்சி வரைக்கும் அவர் படங்கள் போயின. அவரைப் பார்த்து ஒறம்பரையெல்லாம் போபாலுக்கு வந்து தூரிகை பிடித்தார்கள். அவருடைய மைத்துனர்தான் சுபாஷ் வ்யாம்.

ஜங்கட்டின் முடிவு கொடுமையானது. 2001இல் ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்துக்குப் படம் வரையப் போன இடத்தில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட இல்லை. அவர் ஊர் திரும்ப ஏங்கினார் என்றும், கொடுத்த கூலி சொற்பம் என்றும் செய்திகள் வந்தன. இந்தியக் கலைஞர்கள் பலர் கேள்வி எழுப்பினார்கள். படத்தின் விலை கலைச் சந்தையில் ஏறியது. படம் வரைந்த கைக்கு அதில் என்ன பங்கு என்பதற்கு ஒழுங்கான பதில் வரவில்லை. பாவு நூலும் ஊடை நூலும் ஒருத்தருடையது, துணிக்கு விலை வைப்பதும் அவர்தான், நெய்கிறவருக்கு மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. சோமனூரில் இருக்கிறவருக்கு இந்தக் கணக்கு புதிது அல்ல.

துர்காபாய் பிறந்தது மண்டலா மாவட்டத்துப் புர்பஸ்பூர். வீட்டு விசேசத்துக்கும் அறுப்பு நாளுக்கும் சுவரிலும் தரையிலும் பெண்கள் போடுகிற 'டிக்னா' கோலத்தைச் சின்ன வயதிலேயே அம்மாவிடம் கற்றுக்கொண்டார். போபாலுக்கு வந்தபிறகு, ஜங்கட் கொடுத்த தைரியத்தில் தாளில் வரைய ஆரம்பித்தார். சென்னைத் தாரா பதிப்பகத்துக்காக பஜ்ஜு ஷ்யாம், ராம் சிங் உர்வேதி இருவரோடும் சேர்ந்து அவர் வரைந்த 'மரங்களின் இரவு வாழ்க்கை' 2006இல் வந்தது. கையால் அச்சிட்ட அந்தப் புத்தகத்துக்கு 2008இல் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் பரிசு கிடைத்தது.

இந்தக் கைகளிடம் அம்பேத்கர் கதையைக் கொண்டுபோனது நவயானா பதிப்பகம். சாதி பற்றிய புத்தகங்களுக்கென்றே 2003இல் எஸ். ஆனந்தும் நம்ம ரவிக்குமாரும் சேர்ந்து தொடங்கியது அது. கதையை ஆனந்தும் ஸ்ரீவித்யா நடராஜனும் எழுதினார்கள். அம்பேத்கர் 1930களில் எழுதிவைத்த 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சின்னக் குறிப்புகள்தான் அதற்கு ஆதாரம். தண்ணீர், தங்குமிடம், பயணம் என்று மூன்று பாகம். இந்தக் காலத்துப் பேருந்து நிறுத்தத்தில் ஒருத்தன் இடஒதுக்கீட்டைத் திட்டுகிறான், ஒரு பெண் அவனுக்குப் பதில் சொல்கிறாள் என்று கதை துவங்குகிறது. நடுநடுவே இன்றைய வன்கொடுமைச் செய்திகள் வருகின்றன. 'இதெல்லாம் அந்தக் காலம்' என்று வாசிக்கிறவர் தப்பித்துக்கொள்ள வழி கிடையாது.

சித்திரக்கதை என்றால் கட்டம் போட வேணும் என்பது எழுதாத விதி. வ்யாம்கள் மறுத்துவிட்டார்கள். எங்கள் ஆட்களைப் பெட்டிக்குள் அடைத்தால் மூச்சு முட்டும், திறந்த வெளியில்தான் வைப்போம் என்பது அவர்கள் கட்சி. கட்டத்துக்குப் பதில் டிக்னாக் கோலம் வளைந்து வளைந்து பக்கத்தைப் பிரித்தது. இதை அவர்கள் அரசியல் கோஷமாகச் சொல்லவில்லை. அவர்கள் கை பழகிய வழக்கம் அது. நமக்கு அது வேறு மாதிரியும் கேட்கிறது. ஊர் ஒரு கட்டம், வளவு ஒரு கட்டம், சுடுகாட்டுக்குத் தனிக் கட்டம் என்று பிரித்துவைத்த நாட்டில், அம்பேத்கரைக் கட்டத்துக்குள் வைக்க மாட்டோம் என்று இரண்டு பேர் சொன்னார்கள்.

பேச்சுக் குமிழிலும் அப்படித்தான். அடிபட்டவர், அன்பானவர் பேசும் வார்த்தை பறவை வடிவத்தில் வருகிறது. சாதிக் கொழுப்பில் வரும் வார்த்தைக்குத் தேள் கொடுக்கு முளைத்திருக்கிறது. 'எட்டி நில்லு' என்ற வார்த்தை கொட்டுமா கொட்டாதா என்று நம்ம அம்மாக்களைக் கேட்டால் சொல்வார்கள். ரயில் பாம்பாக நெளிகிறது. அடிபம்பின் கைப்பிடி யானைத் தும்பிக்கை ஆகிறது. 1927 மார்ச் 20 அன்று மகாடில் சவுதார் குளத்துத் தண்ணீரைக் குடிக்க பாபாசாகேப் அழைக்கும் இடத்தில், ஒலிபெருக்கியிலிருந்து பேச்சு தண்ணீராகக் கூட்டத்தின்மேல் தெறிக்கிறது. பரோடாவில் 1917இல் தங்க இடமில்லாமல் விரட்டப்பட்டு, பூங்காவில் உட்கார்ந்து அழுத அம்பேத்கரின் உடம்பே அந்தப் பூங்காவாக மாறுகிறது.

எனக்கு மறக்காத பக்கங்கள் கோரேகாவ் பயணம். வருசம் 1901. பீமுக்குப் பத்து வயசுதான் இருக்கும். அப்பாவைப் பார்க்கப் புதுத்துணி உடுத்திக்கொண்டு வீட்டுப் பிள்ளைகள் மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். மகார் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரனும் ஏற்ற மாட்டேன் என்கிறான். கடைசியில் இரட்டைக் கூலிக்கு ஒருத்தன் சம்மதிக்கிறான், அதுவும் பிள்ளைகளே வண்டி ஓட்ட வேணும், அவன் கூட நடந்து வருவான். கூடையில் சோறு இருக்கிறது. குடிக்கத் தண்ணீர் இல்லாததால் சாப்பிட முடியாமல் ராத்திரி முழுக்கக் கிடந்தார்கள். அப்பாவுக்குக் கோரேகாவில் காசாளர் வேலை. பஞ்சத்தில் அடிபட்ட சனத்துக்குக் கூலி கொடுக்க சர்க்கார் அங்கே ஒரு குளம் வெட்டிக்கொண்டிருந்தது. குளம் வெட்டுகிற இடத்தில் தகப்பனுக்கு உத்தியோகம், அங்கே போகிற வழியில் மகனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கிடையாது.

கொங்கு நாட்டில் இந்தப் பக்கத்துக்கு விளக்கவுரை தேவையில்லை. தோட்டத்துக் கிணற்று மேட்டில் அருந்ததியர் இரண்டு கையையும் குவித்து நிற்க, மேலே நின்று ஊற்றினார்கள். 'பண்ணாடி, தண்ணி ஊத்துங்க சாமி' என்று கேட்டால்தான் கிடைக்கும். டீக்கடையில் தனி டம்ளர், சில ஊரில் சிரட்டை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. அதன்பிறகும் இரட்டைக் குவளையைக் கண்டுபிடித்துப் போராட வேண்டியிருந்தது. இந்த வட்டாரத்துப் பிள்ளை ஒருத்தி கோரேகாவ் பக்கங்களைப் பார்த்துவிட்டு, 'இது நம்ம ஆயா சொன்ன கதைதானே' என்றாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயசு அவளுக்கு. படம் போய்ச்சேர்ந்துவிட்டது.

கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு. தலித் வலியை ஆதிவாசிக் கை வரைகிறது, கதையை வேறு ஆட்கள் எழுதுகிறார்கள், புத்தகம் முதலில் இங்கிலீசில் வருகிறது. இது நம்ம குரல்தானா? நான் இப்படிச் சொல்வேன். அடிப்படை வாக்குமூலம் பாபாசாகேப்புடையது. அதை ஆரும் மாற்றவில்லை. வரைந்தவர்கள் வெறும் 'கோண்டு கலைஞர்கள்' ஆக்கப்படவில்லை, அவர்கள் பெயர் அட்டையில் இருக்கிறது. ஜங்கட்டுக்கு நடந்ததற்குப் பிறகு இது சின்ன விசயம் அல்ல. தமிழ் உட்படப் பல மொழிகளில் புத்தகம் போய்ச்சேர்ந்தது. துர்காபாய்க்கு 2022இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். விருது கொடுக்கிற சர்க்காரின் பாடப்புத்தகங்களில் கோரேகாவ் பயணம் எத்தனை பக்கம் வருகிறது என்று கணக்குப் பார்த்தால், அவர்களுக்கு எது இனிக்கிறது, எது கசக்கிறது என்று தெரியும்.

கோலத்தையும் பாட்டையும் வைத்து அவர்கள் இவ்வளவு செய்திருக்கிறார்கள். நம்மிடம் பறையின் அடி இருக்கிறது, செருப்புத் தைக்கிறவரின் ஊசித் தடம் இருக்கிறது, தறியில் பாவும் ஊடையும் சேர்ந்து போடுகிற கோடு இருக்கிறது. இவற்றையெல்லாம் கொண்டு கொங்குச் சேரியின் கதையை வரைய நம்ம பிள்ளைகளுக்குத் தாளும் மையும் வாங்கிக் கொடுக்கோணும். வாக்குமூலம் சொல்ல அவ்வைகளும் தாத்தன்களும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே அதைக் கேட்டு வரைந்துவிட வேணும்.