டபிள்யூவுக்குப் பத்தா, நாலா?

பேத்தி ஸ்கிராபிள் பலகையை விரித்தாலே எனக்குக் கொஞ்சம் கலக்கம்தான். பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். ஆங்கிலம் பிறகு ஆபீஸ் கோப்புகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

போன வாரம் கையில் டபிள்யூவும் கேயும் வந்தன. புதையல் கிடைத்த மாதிரி கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தேன். "தாத்தா, டபிள்யூவுக்கு நாலு, கேவுக்கு அஞ்சுதான்!" என்று சிரித்தாள். பிரெஞ்சு ஸ்கிராபிளில் இரண்டுக்கும் பத்துப் பத்துப் புள்ளி. பழைய ஞாபகம் போகவில்லை.

இந்தப் புள்ளிக் கணக்கைப் போட்டவர் நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்பிரட் பட்ஸ். கட்டடங்களுக்கு வரைபடம் போடும் ஆர்க்கிடெக்ட். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை போய்விட்டது. நியூயார்க் டைம்ஸ் போன்ற பத்திரிகைகளை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். நாங்கள் பேரேடு கூட்டியது போலத்தான். வேலையில்லாதவன் செய்கிற காரியமா இது என்று வீட்டில் யாராவது கேட்டிருப்பார்கள்!

அடிக்கடி வரும் எழுத்துக்குப் புள்ளி குறைவு, அரிதாக வருவதற்கு அதிகம். 100 வில்லைகளில் 'ஈ' மட்டும் 12. க்யூவும் இசட்டும் ஒவ்வொன்றுதான், பத்துப் புள்ளி. 'எஸ்' எழுத்தை வேண்டுமென்றே நாலோடு நிறுத்தினார். இல்லாவிட்டால் எல்லோரும் சொல்லுக்குப் பின்னால் எஸ் ஒட்டியே ஜெயித்துவிடுவார்கள். பிரெஞ்சுப் பதிப்பில் எஸ் ஆறு, ஈ பதினைந்து. மொழி மாறினால் கணக்கும் மாற வேண்டுமல்லவா?

கம்பெனிகள் எதுவும் இந்த விளையாட்டை ஏற்கவில்லை. 1948-இல் ஜேம்ஸ் புரூனோ என்பவர் எடுத்து நடத்தி ஸ்கிராபிள் என்று பெயர் வைத்தார். 1949-இல் 2,400 பெட்டிகள் செய்தும் 450 டாலர் நஷ்டம். 1952க்குப் பிறகுதான் விற்பனை சூடுபிடித்தது.

ஏழு வில்லைகளையும் ஒரே முறையில் வைத்தால் 50 புள்ளி கூடுதல். நீளமான சொல்லைத் தேடித் தலையைப் பிய்த்துக்கொள்வது இதற்காகத்தான். 'இங்', 'எட்' போன்ற வால்களை முதலில் ஓரமாகத் தள்ளிவிட்டு மீதியைப் பார்க்க வேண்டும் என்பது பேத்தியின் பாடம். ரெட்டினாஸ், நாஸ்டியர், ரீட்டெயின்ஸ் மூன்றும் அதே ஏழு எழுத்துகள் என்று அவள் காட்டியபோது அசந்துபோனேன்.

இன்னொன்றும் சொன்னாள். 2015-இல் பெல்ஜியத்தில் நடந்த பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் போட்டியில் ஜெயித்தவர் நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ். அவருக்குப் பிரெஞ்சு பேசவே தெரியாதாம். சொற்பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போயிருக்கிறார். ஆண்பால் பெண்பால் தவறினால் முழங்கையில் பிரம்படி வாங்கிப் படித்த எனக்கு அன்று இரவுச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.