காற்றை அளந்த தண்ணீர்க் குழாய்



ஆனி, ஆடி மாதத்தில் தென்காசி காசி விசுவநாதர் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். ராஜகோபுர வாசலில் கால் வைத்ததும் காற்று ஆளையே தள்ளும். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் குற்றாலச் சாரலோடு வருகிற மேல்காற்று அது. காற்று தள்ளுவது நமக்குத் தெரிகிறது. எவ்வளவு தள்ளுகிறது என்று அளப்பது எப்படி? எக்ஸாஸ்ட் பேன் வைத்த அடைப்புக் கொட்டகையில் கறிக்கோழி வளர்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வி மிக முக்கியம். பேன் சுற்றுகிறது என்பதற்காகக் காற்று போகிறது என்று நம்பிவிடக் கூடாது. கோடை வெயிலில் காற்று குறைந்தால் கோழிகள் கொத்துக் கொத்தாகச் சாகும்.

இந்த அளவை முதலில் தண்ணீரில்தான் பிறந்தது. 1732-ல் பாரிஸ் நகரத்து செய்ன் ஆற்றில், ஆன்றி பிட்டோ என்பவர் வளைந்த கண்ணாடிக் குழாயின் வாயை நீரோட்டத்துக்கு எதிரே பிடித்தார். ஓட்டத்தின் வேகத்துக்குத் தக்கபடி குழாய்க்குள் தண்ணீர் ஏறி நின்றது. ஆழம் போகப் போக ஆற்றின் வேகம் கூடும் என்று அதுவரை பலர் நம்பி வந்தார்கள். அது சரியல்ல என்று இந்தச் சின்னக் குழாய் காட்டிவிட்டது.

அடுத்து சுரங்கத்துக்கு வாருங்கள். இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கங்களில் எரிவாயு தேங்கி வெடித்து வந்தது. 1835-ல் வால்ஸெண்ட் சுரங்கத்தில் ஒரே வெடிப்பில் 102 பேர் மாண்டார்கள். உள்ளே எவ்வளவு காற்று போகிறது என்பது உயிர்ப் பிரச்சினையாயிற்று. 1854-ல் ஜான் ஜாப் அட்கின்சன் என்பவர் இதற்குக் கணக்குச் சொன்னார். அதே பாதையில் இரண்டு மடங்கு காற்று போகவேண்டுமானால், நாலு மடங்கு அழுத்த வித்தியாசம் வேண்டும். அந்த வித்தியாசத்தை அளந்த கருவி, தண்ணீர் ஊற்றிய குழாய்தான். கொத்தனார் மட்டம் பார்க்கிற டியூப் மாதிரிதாங்க!

நம்முடைய கொட்டகைக்கும் அதே கணக்குதான். பேன் காற்றை வெளியே இழுப்பதால் உள்ளே அழுத்தம் குறையும். வித்தியாசம் பெரும்பாலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தண்ணீர் உயரம்தான். கண்ணுக்குப் பிடிபடாது. அதற்கும் வழி உண்டு. அகலமான பாட்டிலின் அடியிலிருந்து ஒரு கண்ணாடி டியூபை, பத்துக்கு ஒன்று என்ற சாய்வில் மேலேற்றிப் பலகையில் கட்டுங்கள். அதன் மறுமுனையைச் சுவர் வழியாகக் கொட்டகைக்குள் விடுங்கள். தண்ணீரில் கொஞ்சம் சொட்டு நீலம் கலந்தால் நன்றாகத் தெரியும். பேன் நிற்கும்போது ஒரு கோடு போடுங்கள். பேன் ஓடும்போது 2.5 மில்லிமீட்டர் வித்தியாசம், டியூபில் 25 மில்லிமீட்டராக நீண்டு தெரியும்.

பேன் கம்பெனி தருகிற அட்டவணையில், இன்ன அழுத்தத்தில் இவ்வளவு காற்று என்று போட்டிருக்கும். உங்கள் அளவை அதில் பொருத்திப் பாருங்கள். அழுத்தமே இல்லாத நிலைக்குச் சொல்கிற பெரிய எண்ணை நம்பி வாங்காதீர்கள்.

கூலிங் பேட் புதிதாக இருக்கும்போது எடுத்த அளவைச் சுவரில் எழுதி வையுங்கள். பிறகு அதே பேன்கள் ஓடும்போது அளவு ஏறினால், பேடில் உப்பும் பாசியும் அடைத்திருக்கலாம். இறங்கினால், பெல்ட் தொய்ந்திருக்கும், இல்லையென்றால் கதவோ படுதாவோ ஒழுகும்.

தென்காசிக்காரர்களுக்கு இன்னொரு சங்கதி. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மேல்காற்று, எதிரே மோதும்போது சுமார் 4 மில்லிமீட்டர் நீர் அழுத்தம் தரும். கொட்டகையின் வித்தியாசத்தைவிட இது அதிகம்! ஆகவே பேன் வாயை மேற்கே பார்த்து வைத்தால், சாரல் காலத்தில் காற்று பேனையே எதிர்த்துத் தள்ளும். புதிதாகக் கட்டுகிறவர்கள் முதலில் திசையைப் பாருங்கள். பாட்டிலின் வாயிலும் காற்று நேரே அடிக்காமல் மறைப்பு வையுங்கள்.

சுரங்கத்தில் மனித உயிரைக் காத்த அளவு, நம் கொட்டகையில் கோழியையும் நீங்கள் போட்ட முதலையும் காக்கட்டும்.