தண்டையார்பேட்டையிலிருந்து காசிக்கு: 1830-ல் ஒரு கோடைப் பயணம்

மே மாசம் பையனுக்கு லீவு விட்டதும் வழக்கம்போல "எங்கயாவது போலாம்ப்பா" ஆரம்பித்துவிட்டது. ராயபுரத்திலிருந்து வடக்கே காரை எடுத்தால் முதல் ரோட்டோரக் காட்சி கண்டெய்னர் லாரி வரிசைதான். அதில் மாட்டிக்கொண்டு நின்றபோதுதான் ஏனுகுல வீராசாமியின் கதையை அவனுக்குச் சொன்னேன். அதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வீராசாமி சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். (ஆமாம், அப்போது சென்னையில் சுப்ரீம் கோர்ட்தான். ஹைகோர்ட் வந்தது 1862-ல்.) வீடும் தோட்டமும் தண்டையார்பேட்டையில். 1830 மே 18, செவ்வாய்க்கிழமை இரவு அங்கிருந்து காசிக்குக் கிளம்பினார். நல்ல கத்திரி வெயில் காலம்! ராத்திரியில் புறப்பட்டதற்கு வெயிலும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். முதல் தங்கல் மாதவரம்.

கூடப் போனவர்கள் கிட்டத்தட்ட 100 பேர்: குடும்பத்தார், வேலைக்காரர்கள், பல்லக்குத் தூக்கிகள். கூடாரங்களும் கூடவே போயின. சத்திரம் இருந்தால் சத்திரம், இல்லாவிட்டால் ஏதாவது தோப்பில் கூடாரம். இன்னைக்கு நாம காசு கொடுத்துப் போற 'கேம்பிங்', அன்னைக்கு வேற வழியில்லாத ஏற்பாடு. திருப்பதி, கடப்பை, அகோபிலம், ஸ்ரீசைலம், ஹைதராபாத், நாக்பூர், ஜபல்பூர், பிரயாகை, காசி, கயை, கல்கத்தா. அப்புறம் பூரி வழியாகக் கடற்கரையை ஒட்டித் திரும்பி, 1831 செப்டம்பர் 3 அன்று சென்னை. பதினைந்து மாதத்துக்கு மேல்!

வழியிலிருந்து தன் நண்பர் கோமளேஸ்வரன்பேட்டை சீனிவாச பிள்ளைக்குத் தெலுங்கில் எழுதி அனுப்பிய குறிப்புகள்தான், வீராசாமி இறந்தபிறகு 1838-ல் 'காசி யாத்ரா சரித்ர' என்று புத்தகமாக வந்தன. தெலுங்கின் ஆரம்பகாலப் பயண நூல்களில் முக்கியமானது. எனக்குத் தெலுங்கு வாசிக்கத் தெரியாது; ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். பக்தி நூலாக இருக்கும் என்று நினைத்துத் திறந்தால், சர்வர் லாக் ஃபைல் மாதிரி இருக்கிறது. இந்த ஊருக்கும் அடுத்த ஊருக்கும் எவ்வளவு தூரம், பாதை மணலா கல்லா, தண்ணீர் நல்லதா, கடை உண்டா, தங்க இடம் உண்டா. பின்னால் வருகிறவன் தடுமாறக் கூடாது என்ற அக்கறை ஒவ்வொரு ஊரிலும் தெரிகிறது. நூறு பேருக்கு தினமும் சோறும் தண்ணியும் தேட வேண்டியவருக்கு இதெல்லாம் பொழுதுபோக்குக் குறிப்பு இல்லையே.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. இதை 'வீராசாமியின் பயணம்' என்கிறோம். பல்லக்குத் தூக்கினவங்களும் அதே தூரம்தான் போனாங்க, அதுவும் தோளில் பாரத்தோட, கால்நடையா. வட சென்னையில் வளர்ந்ததாலோ என்னவோ, சுமை தூக்குகிறவர் பக்கம்தான் என் கண் முதலில் போகிறது. துறைமுகத்தின் கதையிலும் இதேதான்: கட்டிய என்ஜினியர் பெயர் கிடைக்கும், மூட்டை தூக்கினவர் பெயர் கிடைக்காது.

அவர் கிளம்பி 26 வருஷம் கழித்து, 1856 ஜூலை 1 அன்று, அதே தண்டையார்பேட்டைக்குப் பக்கத்தில் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடு வரை ஓடியது. இன்னும் 26 வருஷம் பொறுத்திருந்தால் பல்லக்கு இல்லாமலே கொஞ்ச தூரமாவது போயிருக்கலாம் என்றான் பையன். வீராசாமி 1836-லேயே இறந்துவிட்டார் என்றேன்.

லாரி வரிசை நகர்ந்ததும் எண்ணூர் போகிற யோசனையை விட்டுவிட்டு, வண்டியை மாதவரம் பக்கம் திருப்பினேன். அவருடைய முதல் நாளையாவது முடிப்போமே என்று. தண்டையார்பேட்டையிலிருந்து அங்கே போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது, ஏசி போட்டும் வேர்த்தது. 2018-லிருந்து ஆந்திரா பஸ்கள் கிளம்புவது மாதவரம் பஸ் ஸ்டாண்டிலிருந்துதான். வாசலில் மூட்டை முடிச்சோடு ஒரு பெரிய குடும்பம், நடுவில் தண்ணிக் கேன். "திருப்பதியா?" என்று கேட்டேன். "ஆமா சார், நைட் பஸ்ஸு. பகல்ல போனா வெயில் தாங்காது" என்றார் அந்தப் பெரியவர்.