தண்ணீர் குடித்த 'குதிரை' ஏன் இடிந்தது? கடலோரப் பாறைகள் உருமாறும் கதை

சரவாக்கின் மிரி வட்டாரத்தில் இருக்கிறது துசான் கடற்கரை. அங்கே குதிரை ஒன்று குனிந்து கடல்நீரைக் குடிப்பது போல ஒரு பாறை வளைவு இருந்தது. அதைப் படமெடுக்கவே நிறையப் பேர் போவாங்க. 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் அது இடிந்து விழுந்தது.

"அலை அடிச்சு அடிச்சு விழுந்திருக்கும்" என்றுதான் முதலில் தோன்றும். அது பாதி பதில்தான்.

பாறை எதனால் ஆனது?

செங்குத்தான கடலோரப் பாறைச்சுவரை 'ஓங்கல்' என்பார்கள். துசான் ஓங்கலைப் பார்த்தால் சரவாக்கின் கேக் லாப்பிஸ் ஞாபகத்துக்கு வரும். மணற்பாறை ஓர் அடுக்கு, களிமண் பாறை ஓர் அடுக்கு என மாறி மாறி இருக்கும். புவியியல் கணக்கில் இவை இளம் பாறைகள். மணல் துகள்கள் இன்னும் இறுக ஒட்டவில்லை.

களிமண் பாறை நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி விரிசல் விடும். கொஞ்சம் கொஞ்சமாக அது உதிர்ந்ததும், மேலே உள்ள மணற்பாறைக்குப் பிடிமானம் போய்விடும். அப்புறம் ஒருநாள் மொத்தமாகச் சரியும்.

சிதைவு வேறு, அரிப்பு வேறு

பாறை இருந்த இடத்திலேயே பலவீனமாவது சிதைவு. அப்படி உதிர்ந்ததை அலையோ மழைநீரோ அள்ளிக்கொண்டு போவது அரிப்பு. நாம் கண்ணால் பார்ப்பது பெரும்பாலும் இரண்டாவதைத்தான். அதனால்தான் பழி முழுக்கக் கடல்மேல் விழுகிறது.

நம் வட்டாரத்தில் சிதைவை வேகப்படுத்துவது மழையும் வெப்பமும். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சரவாக்கில் அதைவிட அதிகம். அந்த நீர் விரிசல்களில் இறங்கி, மேலிருந்தே ஓங்கலைத் தளர்த்துகிறது.

உப்புக்கும் பங்கு உண்டு. கடல்நீர்த் துளிகள் பாறையின் நுண்துளைகளுக்குள் காயும்போது உப்புப் படிகங்கள் வளர்ந்து துகள்களை நெம்பிவிடும். கூச்சிங் அருகே பாக்கோ தேசியப் பூங்காவுக்குப் போனால் கவனியுங்கள்: மணற்பாறையில் தேன்கூடு மாதிரி குழிகள் தெரியும்.

கெட்டியான பாறைன்னா தப்பிச்சிடுமா?

அப்படி நினைச்சுடாதீங்க. லங்காவியின் கிலிம் பகுதிச் சுண்ணாம்புப் பாறைகள் துசானைவிட எவ்வளவோ உறுதியானவை. அதனால்தான் அவ்வளவு செங்குத்தாக நிற்கின்றன. ஆனால், சுண்ணாம்புப் பாறை நீரில் கரையும். நீர்மட்டத்தில் கரைந்து, அடிப்பகுதி உட்குழிந்து, மேற்பகுதி குடை போல நீட்டிக்கொண்டிருக்கும். படகில் போகும்போது அந்தக் குழிவு நன்றாகத் தெரியும்.

சிங்கப்பூரின் புலாவ் உபின் கரையில் இருப்பது கருங்கல். கருங்கல்லிலும் ஒரு வகைத் தாதுப்பொருள் மழையில் நாளடைவில் களிமண்ணாக மாறுகிறது. பாறை அடுக்கடுக்காகச் சரியாமல், முனை மழுங்கி உருண்டையாகிறது. சில பாறைகளில் மேலிருந்து கீழாக நீண்ட வரிப்பள்ளங்களும் உண்டு. அலைக்கு அந்த வேலை தெரியாது. அது மழைநீர் போட்ட கோடு.

அடியில் நிற்கும்முன் பாருங்கள்

லாப்ரடார் இயற்கை வனப்பகுதி ஓங்கலுக்கோ துசானுக்கோ போனால், சுவரில் மற்ற இடத்தைவிடப் பளிச்சென்ற நிறத்தில் ஒரு திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கிருந்து அண்மையில் பாறை பெயர்ந்திருக்கலாம். கனமழைக்குப் பிறகு அடிவாரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது, செல்ஃபி எடுப்பது எல்லாம் வேண்டாம்.

விழுந்த கற்குவியலும் சும்மா கிடப்பதில்லை. அலையின் அடியைத் தானே வாங்கிக்கொண்டு, சில காலம் ஓங்கலைக் காக்கிறது. துசானைப் போன்ற மென்மையான பாறை என்றால் அலை அதைச் சீக்கிரமே கரைத்து அள்ளிவிடும். பிறகு ஓங்கலின் அடிவாரம் மீண்டும் நேரடியாக அடி வாங்கும்.