ஐந்து ஆறுகள், ஏழு ஊர்கள், ஒரு டவுன் பஸ்

நடைபயணம் என்றாலே மலைதான் ஞாபகத்துக்கு வரும். வெள்ளியங்கிரி, சதுரகிரி, பருவதமலை... மூச்சு வாங்க ஏறி, முட்டி வலிக்க இறங்கினால்தான் நடந்த கணக்கில் சேரும் என்று ஒரு நினைப்பு. தஞ்சாவூர்க்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கல்லணையில் இருந்து கடல் வரைக்கும் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுகூடக் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் உயரமானது எது என்று கேட்டால் பெரிய கோயில் விமானத்தைத்தான் கை காட்ட வேண்டும்!

ஆனால் இந்தத் தட்டை நிலத்தில் மனிதர்கள் பல நூறு வருடங்களாக நடந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். எங்கே நடந்தார்கள், எப்போது நடந்தார்கள், யாரெல்லாம் நடக்க முடிந்தது என்று கேட்டுக்கொண்டே போனால் டெல்டாவின் பாதி வரலாறு வந்துவிடும். அதைப் பார்க்கத் தோதான இடம் திருவையாறு. தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் ஏறினால் சுமார் 13 கிலோமீட்டர். அதற்குள் பஸ் ஐந்து பாலங்களைத் தாண்டிவிடும். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. ஐயாறு என்ற பெயருக்கு இந்த ஐந்தைத்தான் சொல்வார்கள். (வடவாற்றை எடுத்துவிட்டு அரசலாற்றைச் சேர்ப்பவர்களும் உண்டு. அந்தச் சண்டை இங்கே வேண்டாம்.)

டெல்டாவில் நடப்பதற்குப் பாதை எங்கிருந்து வந்தது? வயல் வரப்பு ஒற்றையடி. நாற்று நட்டபின் அதில் வெளியாள் நடந்தால் சொந்தக்காரர் சும்மா விடமாட்டார். மழைக்காலத்தில் வண்டிப்பாதை சேறு. வருடம் முழுக்கக் காய்ந்து, உயரமாக, அகலமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், ஆற்றின் கரை. தண்ணீரை உள்ளே நிறுத்தக் கொட்டிய மண்ணே நடப்பதற்கும் வழி ஆயிற்று. பாதை என்று தனியாக யாரும் போடவில்லை.

கரிகாலன் என்றதும் எல்லோருக்கும் கல்லணை நினைவுக்கு வரும். ஆனால் 11ஆம் நூற்றாண்டில் ராஜேந்திர சோழன் காலத்தில் வெளியிட்ட திருவாலங்காட்டுச் செப்பேடு கரிகாலனைப் புகழ்வது காவிரிக்குக் கரை கட்டியவன் என்றுதான். அணையைவிடக் கரைதான் அப்போது பெரிய பேச்சாக இருந்திருக்கிறது. அதற்கு நியாயமும் உண்டு. அணை ஒரு இடத்தில் நிற்கிறது, கட்டினால் முடிந்தது. கரை காவிரியோடு கடல் வரை ஓடுகிறது. வருடா வருடம் மண் போட்டே ஆகவேண்டும். ஒரு இடத்தில் உடைந்தாலும் மேலே நூறு கிலோமீட்டர் சரியாக இருந்து பயனில்லை. சோழர் காலத்து வரிப் பெயர்களில் காவிரிக்கரை விநியோகம் என்றே ஒன்று வருகிறது. கரையின் பராமரிப்புச் செலவு குடிமக்கள் தலையில் தனிக் கணக்காக ஏறியிருக்கிறது!

பணமாகக் கொடுத்தவர்கள் போக, உடம்பால் கொடுத்தவர்கள் அதிகம். ஊர்கூடி வாய்க்கால் வெட்டுவது, கரை போடுவது எல்லாம் குடிமராமத்து என்று இன்று பெருமையாகப் பேசப்படுகிறது. பெருமைதான், ஆனால் முழுக் கதை அது இல்லை. 1858ல் மதராஸ் அரசாங்கம் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒன்று கொண்டுவந்தது. வெள்ளத்தில் கரை உடையும் ஆபத்து வந்தால் சுற்றியுள்ள ஊர் ஆட்களைக் கூப்பிட்டு வேலை வாங்கலாம், வராவிட்டால் தண்டனை. எல்லோரும் தாமாகவே மண்வெட்டியோடு வந்திருந்தால் சட்டம் எதற்கு? தஞ்சை ஜில்லாவில் அப்போது நிலம் ஒருவருக்கு, உழைப்பு வேறொருவருக்கு. அந்தக் கட்டாயம் யார் தோளில் இறங்கியிருக்கும் என்று யூகிப்பது கஷ்டமில்லை. பண்ணையாள்களுக்குப் பாதுகாப்பு என்று ஒரு சட்டம் வர 1952 வரை காத்திருக்க வேண்டி இருந்தது. இன்று மாலைக்காற்றில் சுகமாக நடக்கக் கிடைக்கிற கரை, கூலி கேட்க முடியாதவர்கள் சுமந்து கொட்டிய மண்.

நடந்தவர்களின் பக்கம் வந்தால் முதலில் சொல்ல வேண்டியவர் அப்பூதி அடிகள். திருவையாற்றுக்குக் கிழக்கே திருப்பழனம், அதை ஒட்டித் திங்களூர். அங்கே வாழ்ந்த அப்பூதி, திருநாவுக்கரசரை நேரில் பார்க்காமலே அவர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்தார் என்று 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதுகிறார். நடந்து வந்த அப்பர் பந்தலில் தன் பெயர் இருப்பதைப் பார்த்து, 'இது யார் வைத்தது?' என்று விசாரித்ததுதான் இருவருக்கும் முதல் அறிமுகம். அப்பர் 7ஆம் நூற்றாண்டு. அவரே தன்னுடைய திருப்பழனப் பதிகத்தில் அப்பூதியின் பெயரைச் சொல்லியிருப்பதால் ஆள் நிஜம் என்பதில் சந்தேகம் வேண்டாம். பந்தல் கதையில் பக்தியைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் ஒரு விஷயம் மிஞ்சும். தண்ணீர் கொடுக்க ஆள் போட வேண்டிய அளவுக்கு அந்த வழியில் நடமாட்டம் இருந்திருக்கிறது. இன்று திங்களூர் நவக்கிரகத் தலங்களில் சந்திரன் ஊராகப் பிரபலம். வேன்கள் வரும், பத்து நிமிடத்தில் கிளம்பும். 2024ல் அரசுப் போக்குவரத்துக் கழகமே கும்பகோணத்தில் இருந்து ஒன்பது கோயிலையும் ஒரே நாளில் காட்டும் பஸ்ஸை விட்டது. வயதானவர்களுக்கு அது நல்ல வசதி என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஒன்பது ஊர் பார்த்தவர்களில் ஒரு ஊரிலாவது தெருக்கோடி வரை நடந்தவர்கள் எத்தனை பேர்?

ஒரு நாளில் பல ஊர் பார்க்கும் பழக்கம் இந்தப் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. அதுதான் ஏழூர்த் திருவிழா, சப்தஸ்தானம். பங்குனியில் கொள்ளிடத்துக்கு அக்கரையில் உள்ள திருமழபாடியில் நந்திக்கும் சுயசாம்பிகைக்கும் கல்யாணம். ('நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்' என்று பழமொழியே உண்டு.) பிறகு சித்திரை விசாகத்தில் ஐயாறப்பர் கண்ணாடிப் பல்லக்கிலும், புது மாப்பிள்ளை நந்தி மனைவியோடு வெட்டிவேர்ப் பல்லக்கிலும் கிளம்புவார்கள். திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று வரிசை. ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்ச் சாமியின் பல்லக்கும் சேர்ந்துகொள்ளும். மறுநாள் ஏழும் ஒன்றாகத் திருவையாறு வந்து சேர, ஒரு பொம்மை எல்லாப் பல்லக்குக்கும் பூப்போடும். அதைப் பார்க்கக் கூடுகிற கூட்டம் சாதாரணக் கூட்டம் இல்லை.

ஏன் இந்தச் சுற்று? கல்யாணத்துக்கு உதவிய ஊர்களுக்கு நன்றி சொல்லத்தான் என்பது ஊரார் விளக்கம். பழனம் பழம் அனுப்பியது, சோற்றுத்துறை சோறு போட்டது, வேதிகுடி வேதியர்களை அனுப்பியது, பூந்துருத்தி பூ, நெய்த்தானம் நெய். (தேவாரத்தில் நெய்த்தானம், இப்போது தில்லைஸ்தானம்.) கல்யாண வீட்டு மொய் நோட்டைப் புரட்டுகிற மாதிரி இருக்கிறது! ஆனால் சொல்லை எடுத்துப் பார்த்தால் பழனம் என்பதற்குப் பழந்தமிழில் வயல் என்று பொருள், துருத்தி என்றால் ஆற்றுக்கு நடுவே உள்ள திட்டு. துறை என்பது இறங்கிக் கடக்கும் இடம். விளக்கம் பின்னால் வந்திருக்கலாம், பெயர்கள் நிலத்தில் இருந்து வந்தவை. வயலும் திட்டும் துறையும்தான் அங்கே இன்றைக்கும் இருக்கின்றன. இதே போன்ற ஏழூர்ச் சுற்று சக்கரப்பள்ளி, கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கங்களிலும் உண்டு.

சித்திரை என்ற மாதத்தைக் கவனிக்க வேண்டும். திருவையாறு காவிரியின் வடகரை. நடுவில் உள்ள ஊர்களுக்குப் போக இரண்டு ஆறுகளைக் கடந்து, திரும்பவும் வடகரைக்கு வர வேண்டும். ஆடியில் நினைத்துப் பார்க்க முடியுமா? சுந்தரரும் சேரமான் பெருமாளும் கண்டியூர்ப் பக்கம் நின்று அக்கரையில் ஐயாற்றைப் பார்த்தபோது காவிரியில் வெள்ளம். சுந்தரர் பாட, தண்ணீர் விலகி வழிவிட்டது என்கிறது பெரியபுராணம். சுந்தரருக்கு விலகிய ஆறு மற்றவர்களுக்குக் கோடையில்தான் விலகும். அறுவடை முடிந்து, வயல் காய்ந்து, ஆற்றில் மணல் தெரிகிற நாட்களில்தான் பல்லக்குத் தூக்கி நடக்க முடியும். 1934ல் மேட்டூர் அணை வந்தபிறகும் இந்தக் கணக்கு மாறவில்லை. ஜனவரி 28ல் மூடி ஜூன் 12ல் திறப்பது என்ற வழக்கத்தில் சித்திரை பெரும்பாலும் வறண்ட பக்கத்திலேயே விழுகிறது. தில்லைஸ்தானத்தில் பல்லக்குகள் காவிரி மணலில்தான் கூடும், வாணவேடிக்கையும் அங்கேதான்.

இவ்வளவு நடமாட்டத்திலும் எல்லோருக்கும் எல்லாத் தெருவும் திறந்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல்லக்கு போன இடத்துக்கெல்லாம் பல்லக்கோடு நடக்க எல்லோருக்கும் உரிமை இருந்ததில்லை. தஞ்சைப் பெரிய கோயிலும் அரண்மனைத் தேவஸ்தானத்தின் மற்றக் கோயில்களும் தலித் மக்களுக்குத் திறந்தது 1939ல். மாகாணம் முழுக்கச் சட்டப்படி திறந்தது 1947ல். ஏழூர்ச் சுற்றின் வயதோடு ஒப்பிட்டால் இது நேற்று நடந்தது.

ரயில் விஷயத்தில் திருவையாறு தப்பித்தது என்றும் சொல்லலாம், ஏமாந்தது என்றும் சொல்லலாம். நாகப்பட்டினத்தில் இருந்து தஞ்சாவூருக்கு 1861ல் ரயில் வந்துவிட்டது. ஆறுகளுக்கு நடுவில் இருந்த ஐயாற்றுக்கு வரவேயில்லை. எனவே கால்நடையில் இருந்து நேராக பஸ்ஸுக்கு வந்த ஊர் இது. தனியார் பஸ்கள் ஓடிய காலம் போய், 1972ல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் வந்தது. 2021 மே மாதத்தில் இருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. தனியாகவோ தோழிகளோடோ வெளியே கிளம்ப ஒரு தலைமுறைப் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது காலையில் அந்த பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் தெரியும்.

நடக்க நினைப்பவர்கள் ஏழையும் ஒரே நாளில் முடிக்க அவசரப்பட வேண்டாம். திருவையாற்றில் இறங்கி மேற்கே தில்லைஸ்தானம் சுமார் இரண்டு கிலோமீட்டர். குழந்தைகளோடும் போகலாம். கிழக்கே திருப்பழனம், திங்களூர் பக்கம் கும்பகோணம் ரோடு, வண்டிகள் பறக்கும், நடைக்கு அவ்வளவு சுகமில்லை. கண்டியூரில் இறங்கி மேற்கே திருப்பூந்துருத்தி போவது இன்னொரு சிறிய நடை. அங்கே நந்தி சன்னதிக்கு நேராக இல்லாமல் விலகி இருக்கும். அப்பர் உழவாரப்பணி செய்த மண்ணை மிதிக்கத் தயங்கி ஞானசம்பந்தர் வெளியிலேயே நிற்க, அவருக்காக நந்தி விலகியதாம். இருப்பதில் நல்ல வழி கண்டியூரில் இருந்து வேதிகுடி, சோற்றுத்துறை. இரண்டு பக்கமும் வயல், வாய்க்கால், தென்னை. தை அறுவடைக்குப் பிந்தைய வாரங்களில் வெயிலும் கடுமை இல்லை, வழியும் காய்ந்திருக்கும்.

இந்த வயல்களுக்கு இப்போது வேறு கவலை. திருவையாற்று நெரிசலைக் குறைக்கப் புறவழிச்சாலை என்று வேலை தொடங்கி, 2022ல் கண்டியூர்ப் பக்கம் பயிர் நிற்கும் வயலில் மண் கொட்டியதை எதிர்த்து விவசாயிகள் வயலிலேயே இறங்கிப் போராடினார்கள். 2020ல்தான் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் போட்டிருந்தார்கள். ஆனால் சாலை மாதிரியான கட்டமைப்பு வேலைகளை அந்தச் சட்டம் தடுக்காது, அதிலேயே விலக்கு இருக்கிறது. நெரிசலும் பொய் இல்லை. தேரடிப் பக்கம் இரண்டு பஸ் எதிரெதிரே வந்தால் நடப்பவர் கடைக்குள் ஏறித்தான் நிற்க வேண்டும். ஆனாலும் தண்ணீரை நிறுத்தப் போட்ட மண்ணில் பாதை கிடைத்த ஊரில், பாதைக்காகப் போடுகிற மண் வாய்க்காலை அடைத்தால் அந்த வயலுக்குத் தண்ணீர் எந்த வழியாக வரும்? விவசாயிகள் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

சோற்றுத்துறைப் பக்கம் பஸ் குறைவு. கண்டியூர் வரை திரும்பி நடந்துவிட்டால் தஞ்சாவூருக்கு பஸ் வந்துகொண்டே இருக்கும்.