தேக்கா: பெயருக்கு வெளியே இருப்பவர்கள்

சிங்கப்பூர் போய்வருகிற நம்மவர்கள் சிராங்கூன் சாலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதாமல் விடுவதில்லை. நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அங்கே போய் இறங்கினேன். பூக்கடை, நகைக்கடை, வீரமாகாளியம்மன் கோயில், டன்லப் தெருவில் அப்துல் கபூர் பள்ளிவாசல். அசல் நம்மூர் மாதிரியே இருந்தது. அந்த ‘மாதிரி’தான் சிக்கல்.

‘லிட்டில் இந்தியா’ சுற்றுலாவுக்கு வாகான பெயர். 1989இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். அங்குள்ள தமிழர்களுக்கு அது தேக்கா. இது தமிழ்ச் சொல்லில்லை. மூங்கில் புதரைக் குறிக்கும் ஹொக்கியன் சீனத்திலிருந்து வந்தது. மலாயில் ‘கண்டாங் கெர்பாவ்’, எருமைத் தொழுவம். பஃபலோ சாலையும், மாட்டு வியாபாரியான யூதர் பெலிலியோஸின் பெயர் தாங்கிய சாலையும் அதற்குச் சாட்சி. கெர்பாவ் சாலையில் 1900இல் எழுந்த வீடு டான் டெங் நியா என்ற சீன முதலாளியுடையது. 1822இல் ராஃபிள்ஸ் போடவைத்த நகரத் திட்டத்தில் சூலியர்களுக்கு ஒதுக்கிய இடம் இதுவல்ல. மாடும் செங்கல் சூளையும் கொடுத்த வேலையைத் தொடர்ந்து வந்த சனங்களின் இடம் இது. ‘இந்தியா’ என்கிற ஒற்றை அடையாளம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

வணிகர், கோயில், நகை என்று விரியும் கதையாடலில் இன்னொருவன் ஓரமாகிப்போகிறான். 1825இல் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து சென்னை, வங்காளக் கைதிகளைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தார்கள். 1873 வரை நீடித்த இந்த ஏற்பாட்டில் சாலைகளையும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் கட்டியவை அவர்கள் கைகள். எம்.ஏ. தமிழில் நான் கடாரம் கொண்ட சோழனைப் படித்தேன். பென்கூலன் கைதி எந்தத் தாளிலும் வரவில்லை.

ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் புல்தரையில் உட்கார்ந்திருந்த கட்டடத் தொழிலாளி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். புதுக்கோட்டைப் பக்கமாம்.

“இந்த வீடெல்லாம் நூறு வருசப் பழசு, தெரியுமா தம்பி?”

“பெயிண்ட் புதுசா இருக்கேண்ணே” என்றார். “நமக்கு அதெல்லாம் எங்க தெரியுது. வாரத்துல ஒருநாள் ஊர்க்காரன் மூஞ்சியப் பாக்கலாம்னு வர்றது. ராத்திரி பஸ்ஸப் புடிச்சுத் திரும்பிரணும்.”

2013 டிசம்பர் 8, அதுவும் ஞாயிறுதான். அதே சாலையில் அப்படியொரு தனியார் பேருந்தின் அடியில் சிக்கித் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் செத்தார். வயது 33. கூட்டம் கொதித்தது, வண்டிகள் எரிந்தன. 25 பேர்மீது வழக்கு, 57 பேர் நாடு கடத்தல். விசாரணைக் குழு குடியை ஒரு காரணமாகச் சொன்னது. வேலை, வாழ்க்கை நிலைமைகள் மீதான அதிருப்தி காரணமில்லை என்றது. எரித்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கூலியின் கோபத்தைப் போதையாக மட்டும் வாசிப்பதும் ஒரு அதிகாரச் சொல்லாடல்தான். 2015இல் இப்பகுதி மதுக் கட்டுப்பாட்டு மண்டலமானது. அதே வருசம் கேம்பல் சந்தில் இந்திய மரபுடைமை நிலையமும் திறந்தது.

மரபுக்கு ஒரு கட்டடம், உடம்புக்கு ஒரு கட்டுப்பாடு. இதில் சிங்கப்பூரை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. சுவரையும் தெருப்பெயரையும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நான், புல்தரைக்கு வந்தது இருட்டின பிறகுதான். கடல் கடந்த தமிழர் பெருமை பேசும் நம் பிரதிகளில் கைதிக்கும் கூலிக்கும் இடமில்லாதவரை, நாமும் அந்தப் பழைய சுவருக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கிறவர்கள்தான்.